பட்டி வைத்த துருவ நட்சத்திரம்

பல் டாக்டரம்மா தன் புது நாற்காலியில் தானே ஏறிப் படுத்துக்கொண்டு, "எங்க, போடுங்க பாப்போம்" என்றார். கூரை வேலை செய்த நெட்டையன் அறை விளக்கை அணைத்துவிட்டு அடுத்த சுவிட்சைத் தட்டினான். தலைக்கு மேலே கறுப்புக் கூரை முழுக்க நட்சத்திரங்கள் எரிந்தன. சின்னதும் பெரிசுமாக, சில லேசாகக் கண் சிமிட்டிக்கொண்டு.

வாசலில் நின்ற மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். வேலை முடிந்ததும் சொல்வதற்கென்று அவரிடம் ஒரு பேச்சு தயாராக இருக்கும். அதை எடுத்துவிட வாயைத் திறந்தவர், டாக்டரம்மாவின் கை மேலே நீண்டதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"அது என்ன?"

"துருவ நட்சத்திரம்மா" என்றான் நெட்டையன். பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "அதுக்குத் தனியா தடிமனான இழை போட்டிருக்கேன். பக்கத்துல ஏழு இருக்குதே, அது சப்தரிஷி."

"நான் பொறந்து வளந்தது இந்த ஊர். இத்தனை வயசுக்கு அந்த நட்சத்திரத்த நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல" என்றார் டாக்டரம்மா. "பாக்கவும் முடியாது. பூமிக்கு இந்தத் தெக்குப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது காலுக்குக் கீழ எங்கயோ கெடக்கு. எங்க வானம் எங்கங்க? நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிக்குமே, அது எங்க?"

"வானம்னா வானம்தானேம்மா" என்று மச்சான் உள்ளே புகுந்தார். "எந்த ஊர்லயும் ஒரே வானம்தான். வாயத் தொறந்துட்டு படுத்திருக்கிறவங்க இதையெல்லாம் யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?"

டாக்டரம்மா எழுந்து உட்கார்ந்தார். "நான் பாப்பேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க பாக்கும். உங்களுக்கு கடவாய்ப் பல்லு வலிக்குதுன்னு வந்து, நான் முன்பல்லப் பிடுங்கிட்டு, பல்லுன்னா பல்லுதானேன்னு சொன்னா சும்மா விடுவீங்களா?"

மச்சானின் கை தானாகத் தாடைக்குப் போனது.

"திங்கக்கிழமை தொறக்கிறேன். அதுக்குள்ள மாத்திக் குடுங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் நெட்டையனுக்கு விமானம். ஏற்கெனவே இரண்டு தடவை ஊருக்கு வருகிறேன் என்று சொல்லி, இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் வேலை முடியாமல் தள்ளிப் போயிருந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி மூன்றாவது தடவையாக லீவு போட்டிருந்தாள். போடும்போதே சொல்லியிருந்தாள்: "இந்தத் தடவையும் வரலைன்னு சொல்றதா இருந்தா, போன் பண்ணாதீங்க. அப்புறம் எப்பவுமே பண்ணாதீங்க." அவள் அண்ணன்தான் மச்சான். தங்கச்சி சொன்னால் செய்வாள் என்று அவருக்கும் தெரியும்.

"எப்படி மாப்ள இது?" என்றார் மச்சான், வெறும் அறையில். "பெட்டியில வந்ததத்தானே அடிச்சோம்?"

 நெட்டையனின் கண் தரைக்குப் போனது.

பெட்டியில் வந்தது ஒரு தாள் அல்ல, இரண்டு. பாய் அளவுக்குப் பெரிய தாள்கள். தாளைப் பலகைமேல் ஒட்டி, புள்ளி இருக்கிற இடமெல்லாம் ஊசி போன்ற ட்ரில் பிட்டால் துளை போட்டு, துளைக்குள் ஃபைபர் இழையை நுழைத்துப் பசை வைக்க வேண்டும். மேலே ஒளித்து வைத்த லைட் பெட்டி எரிந்தால் ஒவ்வொரு இழை நுனியும் ஒரு நட்சத்திரம். நெட்டையன் இரண்டு தாளையும் விரித்துப் பார்த்திருந்தான். ஒன்றில் துருவ நட்சத்திரம், சப்தரிஷி, இடுப்பில் மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்கும் வேட்டைக்காரன், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. பார்த்ததும் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருந்தது. இன்னொன்றில் வேட்டைக்காரன் கால் மேலே, தலை கீழே என்று தொங்கினான். துருவ நட்சத்திரம் ஆளையே காணோம். கீழே எழுதியிருந்த பொடி எழுத்தை அவன் படிக்கவில்லை. அச்சடித்தவன் தூக்கக் கலக்கத்தில் அடித்துவிட்டான் என்று முடிவு கட்டி, தூசி விழாமல் இருக்க அந்தத் தாளை டாக்டர் நாற்காலிக்கு அடியில் விரித்து விட்டான்.

ஒரு வாரமாக இந்த ஊர் வானத்தின் மேல் நின்றுதான் அந்த ஊர் வானத்தை மாட்டியிருக்கிறார்கள். இப்போது அதில் பசை, பெயின்ட், மச்சானின் டீ, இரண்டு பேரின் செருப்புத் தடம்.

"சரியான தாள மிதிச்சிட்டு தப்பான தாள மாட்டியிருக்க" என்றார் மச்சான்.

"நீங்களும்தான் மிதிச்சீங்க."

"நான் எதுவுமே தெரியாம மிதிச்சேன் மாப்ள. நீ தெரிஞ்சவன் மாதிரி மிதிச்சிருக்க."

அதற்கு மேல் அங்கே நின்றால் வாய்ச் சண்டை கைச் சண்டையாகிவிடும் என்று நெட்டையன் வெளியே வந்தான். கிளினிக்குக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடம். பகல் முழுக்கக் காய்ந்த சிமென்ட் இன்னும் சுட்டது. வெளிச்சம் அப்போதுதான் போய்க்கொண்டிருந்தது. இந்த ஊரில் ஐந்து வருஷம். ஐந்து வருஷமும் கூரை வேலை. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று தைலம் தேய்க்காத நாள் இல்லை. ஆனால் கூரைக்கு மேலே இருக்கும் ஒன்றை அவன் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

இப்போது பார்த்தான்.

மூன்று நட்சத்திரம் வரிசையாக இருந்தது. சுற்றி நாலு. அதே வேட்டைக்காரன்தான். சின்ன வயசிலிருந்து தெரிந்தவன். ஆனால் சிவப்பாக எரியும் திருவாதிரை, தோளில் இருக்க வேண்டியது, கீழே இருந்தது. காலில் இருக்கும் வெள்ளை மேலே இருந்தது. யாரோ காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல. தாளில் இருந்தது போலவே.

"அட பாவிகளா" என்றான் வாய்விட்டு. யாரைத் திட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி.

"சூட்கேஸ் கட்டியாச்சா?"

"ம்."

"என்ன ம்? சுதியே இல்ல. என்ன ஆச்சு?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான்.  அதற்குப் பதிலாக, "மாடிக்கு கொஞ்சம் போறியா?" என்றான்.

"எதுக்கு? இங்க குளிர்ல பல்லு தந்தி அடிக்குது."

"போயேன். வேட்டைக்காரன் நட்சத்திரம் தெரியுதா பாரு. மூணு நட்சத்திரம் வரிசையா இருக்குமே."

 அவள் மெதுவாகக் கேட்டாள். "போன தடவை மழை. அதுக்கு முந்தி ஆள் பத்தல. இந்தத் தடவை வராததுக்குக் காரணம் நட்சத்திரமா?"

"வரலைன்னு யாரு சொன்னா?"

"உங்க குரல் சொல்லுது."

ஆனாலும் போனாள். செருப்புச் சத்தம் படியேறியது. கதவு முனகியது. "ஆமா, இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

"சிவப்பு நட்சத்திரம் மேல இருக்கா, கீழ இருக்கா?"

"மேல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. சிவப்பு மேல, வெள்ளை கீழ. எப்பவும் போல."

"இங்க சிவப்பு கீழ இருக்கு."

"தலைகீழா நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும். அண்ணன்கூடச் சேந்து ஏதாவது குடிச்சிருக்கீங்களா?"

"நிஜமாத்தான் சொல்றேன்டி. கவுந்து தொங்குது."

"நீங்க அத நிமித்தி வெச்சிட்டுத்தான் வருவீங்களோ?"

அவனுக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல் இல்லை. தாள்மேல், டாக்டரம்மாமேல், படிக்காமல் விட்ட பொடி எழுத்துமேல். ஒரு மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தப்பான தாள், மிதித்த தாள், திங்கட்கிழமை திறப்பு, எல்லாம். அவள் கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து சற்று தள்ளிப் பிடித்துக்கொண்டான். கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்க இப்போ?" என்றாள்.

சூரியன் மறைந்த பக்கம் அவனுக்கு இடது கையில் இருந்தது. "வடக்க."

"நான் தெக்கப் பாத்து நிக்கிறேன்." செருப்பு தரையில் உரசியது. "அப்போ எதிரும் புதிருமா நிக்கிறோம். நடுவுல அது இருக்கு. அஞ்சு வருஷமா எனக்கு முதுகக் காட்டிட்டு இருந்தீங்க. இன்னைக்குத்தான் திரும்பி இருக்கீங்க. அதுவும் கூரைக்காக."

"ஏய்..."

"சனிக்கிழமை விமானத்துல ஏறிட்டு கூப்பிடுங்க. ஏறலைன்னா வேண்டாம்." வைத்துவிட்டாள்.

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். மச்சான் நாற்காலியில் படுத்துக்கொண்டு கூரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, கண்டுபிடிச்சிட்டேன்! இந்த ஊர்ல எல்லாம் தலைகீழ், அவ்வளவுதானே? ரெண்டு பலகையையும் கழட்டி அப்படியே திருப்பி மாட்டிட்டா முடிஞ்சுது. ராத்திரிக்குள்ள வேலை ஓவர்."

நெட்டையன் தரையில் கிடந்த தாளைப் பார்த்தான். வேட்டைக்காரன் தலைகீழாகக் கிடந்தான். அவன் தாளைச் சுற்றி நடந்து மறுபக்கம் போய் நின்றான். வேட்டைக்காரன் நிமிர்ந்துவிட்டான். திரும்ப இந்தப் பக்கம் வந்தான். கவிழ்ந்துவிட்டான்.

"என்ன பிரதட்சணம் பண்ற?"

"திருப்ப வேண்டாம் மச்சான். அவன் கவுழவே இல்ல. பாக்குற ஆளுதான் பக்கம் மாறி நிக்கிறான். உங்க தங்கச்சி தெக்கப் பாத்தா தெரியுறான், நான் வடக்கப் பாத்தா தெரியுறான். அவ்வளவுதான் வித்தியாசம்."

"தமிழ்ல சொல்லு மாப்ள."

"கூரையில ரெண்டு பலகை இருக்கு. ஜன்னல் பக்கம் வடக்கு, கதவுப் பக்கம் தெக்கு. வேட்டைக்காரன் இப்போ கதவுப் பக்கத்துப் பலகையில இருக்கான். அந்தப் பலகைய திருப்பாம, அப்படியே நகத்தி ஜன்னல் பக்கம் கொண்டு போயிட்டா, அது இந்த ஊர் வானம். ஒரு துளைகூட மாத்த வேண்டாம்."

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது. "அப்போ பாதி வேலை மிச்சம்!"

"பாதி வேலை பாக்கி. ஜன்னல் பக்கத்துல இப்போ இருக்கிற பலகை இந்த ஊர்ல செல்லாது. அத எடுத்து, துளையெல்லாம் அடைச்சு, கறுப்படிச்சு, புதுசா தெக்கு வானத்தத் துளைக்கணும்."

முகம் வாடியது.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வேலைதான். மச்சான் குட்டை. அதோடு ஏணியில் ஏறினால் தலை சுற்றும். அவர் வாயால்தான் வேலை செய்வார். நெட்டையன் ஜன்னல் பக்கத்துப் பலகையைக் கழற்றி, பின்னால் இருந்த இழைகளை ஒவ்வொன்றாக உருவி, தரையில் கிடத்திவிட்டு, அந்த இடத்துக்கு வேட்டைக்காரன் பலகையை நகர்த்தினான். சுவரில் வெடிப்பை அடைக்கும் பட்டியைக் குழைத்து, தகட்டால் ஒவ்வொரு துளையாக அடைத்தான். சப்தரிஷி ஏழும் ஒரு இழுப்பில் போனது. ஒரு வாரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட துளைகள். போடும்போது ஒவ்வொன்றும் எங்கே வரும் என்று தாளைப் பார்க்காமலே கை சொன்னது. அடைக்கும்போது அந்தக் கையே தடுமாறியது. துருவ நட்சத்திரத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டான்.

"என்ன பாத்துட்டு நிக்கிற? பட்டிய வையி" என்றார் மச்சான்.

"வெக்கிறேன், வெக்கிறேன்."

"இங்க செல்லாத சரக்கு மாப்ள. அங்க போய் ஓசியில பாத்துக்க."

"போனா பாப்பேன்."

 மச்சான் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார். இந்தத் தடவை டீயைத் தாள்மேல் வைக்கவில்லை.

பட்டி காய்வதற்குள் பொறுமை போயிற்று. மின்விசிறியைப் பலகைக்கு நேராக வைத்தான். தேய்த்து, கறுப்படித்து, மறுபடி காயப் போட்டுவிட்டு, நாற்காலிக்கு அடியில் கிடந்த தாளை உரிக்க ஆரம்பித்தான். ஓரமெல்லாம் நல்லபடியாக வந்தது. நடுவில், நாற்காலியின் அடித்தட்டு அழுத்திய இடத்தில் பசை சிந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டினான். தாளின் அந்தத் துண்டு பொடிப்பொடியாகத் தரையோடு தங்கிவிட்டது. சரியாக டாக்டரம்மா கேட்ட சிலுவை இருந்த இடம்.

வெளியே போய் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம் என்று இருட்டும் வரை காத்திருந்தான். ஐந்து வருஷத்தில் அவன் வானத்தை ஆசையாகத் தேடிய இரண்டாவது சாயங்காலம். ஒரு நட்சத்திரம் இல்லை. போர்வை போர்த்தியது போல மேகம்.

சனிக்கிழமை விடிந்ததும் துளை போட ஆரம்பித்தான். சூட்கேஸைக் கிளினிக்குக்கே கொண்டு வந்து மூலையில் நிறுத்தியிருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் கை வேகமெடுத்தது. வேகமெடுத்த கையில் மெல்லிய பிட் ஒடியும். ஒன்று ஒடிந்தது. இன்னொன்று. சாயந்தரம் விமானம் என்கிற நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி பிட்டும் ஒடிந்தது. அதை வாங்கிய கடை சனிக்கிழமை கிடையாது. மச்சான் போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நெட்டையன் ட்ரில்லைத் தரையில் வைத்துவிட்டு, பலகைக்குப் பக்கத்திலேயே மல்லாந்துவிட்டான். மேலே வெறும் சிமென்ட் கூரை, தொங்கும் இழைகள். "போதும் மச்சான். நான் போகல. உங்க தங்கச்சிக்கு நீங்களே சொல்லிடுங்க."

"நானா? என்னையக் கொன்னே போட்டுருவா."

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா வந்தார். வாசலிலேயே நின்று, பலகையையும், கிழிந்த தாளையும், சூட்கேஸையும், மல்லாந்து கிடந்த ஆளையும் பார்த்தார்.

"யாரு ஊருக்குப் போறது?"

"போறதா இருந்தேன்ம்மா" என்றான் நெட்டையன், எழுந்திருக்காமலே. அவனுக்கு மரியாதை பார்க்கும் தெம்பு இல்லை. "பிட்டெல்லாம் ஒடிஞ்சிருச்சு. சிலுவை இருந்த இடமும் கிழிஞ்சு போச்சு. உங்க ஊர் வானமும் வேண்டாம், எங்க ஊர் வானமும் வேண்டாம்."

டாக்டரம்மா குனிந்து ஒடிந்த பிட்டைக் கையில் எடுத்து, பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். உள் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பேனா மாதிரி ஒரு சின்ன ட்ரில். பின்னாலேயே வயரும் ஒரு பெட்டியும்.

"படிக்கும்போது வாங்கினது. பல் செட்டு ராவுறதுக்கு. வாயில வெக்கிறதில்ல, பயப்படாதீங்க. இதுக்கு பிட் ஒரு டப்பா இருக்கு." கீழே மண்டி போட்டு உட்கார்ந்தார். "சிலுவை எங்க வரணும்?"

நெட்டையன் எழுந்து கிழிசலின் அளவைப் பலகையில் காட்டினான். டாக்டரம்மா சாக்பீஸால் நாலு புள்ளி வைத்தார். சற்று யோசித்து, ஓரமாக, சின்னதாக ஐந்தாவது. "இந்த ஒண்ணு மட்டும் கண்ணுக்கு அவ்வளவா தெரியாது. ஆனா இருக்கு. எங்கப்பா இந்தச் சிலுவைய திரிசங்குன்னு சொல்லுவார்."

"மேலயும் போகாம கீழயும் வராம நடுவுல தலைகீழா தொங்கின ராஜாவா?" என்றார் மச்சான்.

"அவரேதான்."

மச்சான் நெட்டையனைப் பார்த்தார். நெட்டையன் சூட்கேஸைப் பார்த்தான்.

"எனக்கு இந்த வானத்துல வேற எந்த நட்சத்திரமும் பேரோட தெரியாதுங்க" என்று ட்ரில்லை ஓடவிட்டார் டாக்டரம்மா. "இது ஒண்ணு இல்லாமப் போனதுலதான் எனக்கு அன்னைக்குக் கோவம்." ஐந்து துளையையும் அவரே போட்டார். ஒன்றுகூடப் பிசகவில்லை. மிச்சத்தை நெட்டையன் போட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டு மச்சான் தன் தாடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பலகையை மாட்டி, இழைகளைச் சொருகி முடித்தான். விளக்கைப் போட்டுப் பார்க்கத்தான் நேரமில்லை. "நான் பாத்துக்கிறேன், போங்க போங்க" என்று டாக்டரம்மா அவனை வாசல் வரை தள்ளாத குறையாகத் தள்ளினார். மச்சான் வண்டியை எடுத்த எடுப்பில் இரண்டு சிக்னலில் திட்டு வாங்கினார்.

விமானத்தில் அவனைத்தான் கடைசியாக ஏற்றினார்கள். நகக் கண்ணில் கறுப்புப் பெயின்ட், மயிரில் பட்டித் தூள். மூச்சு வாங்கிக்கொண்டே மனைவிக்குப் போன் போட்டான்.

"ஏறிட்டேன்."

"நம்பலாமா?"

"பெல்ட் போடச் சொல்றாங்க, கேளு." போனைத் தூக்கி அறிவிப்புக்கு நேராகப் பிடித்தான்.

"சரி, சரி. வாங்க." குரல் உடைந்தது போல இருந்தது. அதற்குள், "அண்ணன்கிட்ட சொல்லுங்க, அவருக்கும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்குன்னு" என்று சமாளித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியது. இந்த விமானம் பூமியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிறது. போகிற வழியில் எங்கேயோ ஒரு இடத்தில் வேட்டைக்காரன் நேர் உச்சிக்கு வருவான். அதைத் தாண்டினால் திருவாதிரை கீழேயிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறும். இரண்டு நாளாக நொந்துகொண்டு சுமந்த வானம், அவன் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு துளைகூடப் போடாமல், ஒரு பலகையைக்கூட நகர்த்தாமல், தானாகத் திரும்பப் போகிறது. பார்க்க வேண்டும். இதை மட்டுமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அவனுக்குக் கிடைத்தது நடைபாதை ஓரத்து இருக்கை. ஜன்னல் பக்கம் ஒருவர் மறைப்பைக் கீழ்வரை இழுத்து மூடிவிட்டு, போர்வையைக் கழுத்து வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெட்டையன் கொஞ்ச நேரம் பொறுத்தான். செருமினான். பிறகு கேட்டேவிட்டான்.

"அண்ணே, அந்த ஜன்னல கொஞ்சம் தொறக்கலாங்களா?"

அவர் ஒரு விரலால் மறைப்பைத் துளி தூக்கி, தான் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடினார்.

"வெளிய ஒண்ணுமே இல்லீங்க. வெறும் இருட்டு."